தலைமடையும் கடைமடையும்: லினக்ஸ் வழங்கல்களில் தன்னார்வ உழைப்பு – ஒரு வரலாற்று நோக்கு

1

தொழில்நுட்பத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இன்ன கருவியை இன்ன ஆண்டில் இன்னார் ஆக்கினார் என்பதோடு அவ்வரலாறு நிறைவுற்றுவிடுகிறது. ஆக்கப்பட்ட கருவியை மறுநாள் தொடக்கம் பழுதுபார்த்துப் பேணியோர் யாவர், அவ்வுழைப்புக்கு அவர்கள் பெற்ற கைம்மாறு யாது, அதன் பயன் எவரைச் சென்றடைந்தது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. குளத்தைக் கட்டுவித்த மன்னனுக்குக் கல்வெட்டு உண்டு. ஆண்டுதோறும் வாய்க்காலில் இறங்கிச் சேறள்ளியவனுக்கு அஃதில்லை. வரலாற்றெழுதியலின் இக்குறைபாடு வர்க்க சமுதாயத்தின் இயல்பிலிருந்து பிறப்பது என்பதை இவ்விதழின் வாசகர்க்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

கணினியுகத்தின் வரலாறும் இக்குறைபாட்டிலிருந்து தப்பவில்லை. 2017 நவம்பர் தொடக்கம், உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூற்றின் பட்டியலில் இடம்பெற்றுவரும் கணினிகள் யாவும் லினக்ஸ் இயங்குதளத்திலேயே இயங்குகின்றன. கல்முனைச் சந்தையில் மீன் விற்பவரின் அன்ட்ரொயிட் தொலைபேசிக்கு அடிப்படையாய் அமைவதும் அதன் கருநிரலே. அக்கருநிரலை 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கினார் என்பது பலரும் அறிந்த செய்தி. எனினும் கருநிரல் மட்டும் ஒரு கணினியைப் பயன்பாட்டுக்கு உரியதாக்கிவிடாது. அதனைச் சூழ ஆயிரக்கணக்கான நிரல்கள் வேண்டும். அவற்றைத் திரட்டி, ஒன்றோடொன்று இணங்குமாறு சீர்செய்து வெளியிடப்படும் முழுமையே 'வழங்கல்' எனப்படுகிறது. வழங்கலின் அலகு 'பொதி' ஆகும். எந்தப் பொதியும் தனித்து இயங்குவதன்று. தான் இயங்குவதற்கு வேறு எப்பொதிகள், அவற்றின் எப்பதிப்புகள் வேண்டும் என்பதை ஒவ்வொன்றும் தன் முகப்பிலேயே அறிவிக்கிறது. இவ்வறிவிப்பே 'சார்பு' எனப்படுவது.

இலக்கிய மாணவர்க்கு இது தொலைவான விடயமாகத் தோன்றலாம். ஓர் எழுத்தைக் கொண்டு இதனை விளக்குவோம். 'கொ' என்பதைத் திரையில் காண்கிறோம். கணினியின் நினைவகத்தில் ககர மெய்யின் பின்னர் உயிர்க்குறி ஒன்றாகவே அது பதிவாகியுள்ளது. திரையிலோ கொம்பு முன்னும் கால் பின்னுமாக, இடையில் ககரம் நிற்கவேண்டும். அவ்வாறு பிரித்து அடுக்கும் பணியைப் பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களிலும் அன்ட்ரொயிட்டிலும் ஹார்ப்பஸ் என்னும் கட்டற்ற நிரல் நூலகம் செய்கிறது. எழுத்துரு ஒரு பொதி. அதனை அடுக்கும் நூலகம் பிறிதொரு பொதி. அவற்றைப் பயன்படுத்தும் சொற்செயலி மற்றுமொரு பொதி. இச்சங்கிலியில் எங்கேனும் ஒரு கண்ணி அறுந்தால் அத்திரையில் தமிழ் தமிழாக இராது. ஆகவே 'சார்பு' பற்றிய வினா தமிழின் இன்றைய இருப்பு பற்றிய வினாவும் ஆகும்.

இத்துறையினரின் கலைச்சொற்களுள் இரண்டு எமது கவனத்தை ஈர்க்கின்றன. நிரலை மூலமாக எழுதுவோரை அவர்கள் 'அப்ஸ்ட்ரீம்' என்பர். அதனை எடுத்துப் பொதியாக்கி வழங்குவோரையும் பயன்படுத்துவோரையும் 'டவுன்ஸ்ட்ரீம்' என்பர். நீரோட்டத்தின் மேற்புறமும் கீழ்ப்புறமும் என்பதே இவற்றின் பொருள். தமிழ் உழவர் வழக்கில் தலைமடை, கடைமடை எனலாம். மென்பொருளாளர் உவமையாக எடுத்தாண்ட இவ்வுறவு எமது கரையோரத்தில் உவமையன்று, வாழ்க்கை. எனவே, அம்பாறைக் கரையோரத்து நெல்வயல்களின் பராமரிப்பு வரலாற்றை முதலில் சுருக்கமாக நோக்கி, அதிலிருந்து பெறும் வினாக்களைக் கொண்டு லினக்ஸ் வழங்கல்களின் வரலாற்றை அணுகுதல் பொருத்தமானதென நாம் கருதுகிறோம்.

2

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்கள் கடலோர மணற்பரப்பில் நெருங்கி அமைந்திருக்க, அவற்றின் வயல்கள் மேற்கே விரிந்து கிடக்கின்றன. அவ்வயற்பரப்பின் பகுதிகள் வட்டை எனவும் கண்டம் எனவும் வழங்கும். ஒரு வட்டையில் பலரது காணிகள் அடங்கும். ஒருவர் காணிக்குச் செல்லும் நீர் மற்றொருவர் காணியைக் கடந்தே செல்லவேண்டும். ஒருவர் தமது பங்கு வாய்க்காலைத் துப்புரவு செய்யாவிடின் அவருக்குக் கீழுள்ளோர் அனைவர்க்கும் நீர் தடைப்படும். ஒருவர் வேலி அடைக்காவிடின் மாடு புகுவது எல்லாருடைய வேளாண்மையிலுந்தான். தனியுடைமையான காணிகள், பொதுமையான நீர் என்னும் இம்முரண்பாட்டினுள்ளேயே எமது உழவர் வாழ்ந்து வந்துள்ளனர்.

இம்முரண்பாட்டை நாள்தோறும் நிருவகிப்பதற்கென உருவான பதவியே வட்டைவிதானை. விதைப்புக் காலத்தை அறிவித்தல், வாய்க்கால் வெட்டவும் வேலி அடைக்கவும் காணிக்காரரைத் திரட்டுதல், நீரை முறைவைத்து விடுதல், மாடுகளால் நேர்ந்த அழிவை மதிப்பிட்டுப் பிணக்குத் தீர்த்தல் என்பன அவரது கடமைகள். கைம்மாறாக அறுவடையின்போது காணியின் அளவுக்கேற்ப நெல் அளக்கப்பட்டது. பராமரிப்புக்குரிய கைம்மாறு பயன்பெறுவோரின் விளைச்சலிலிருந்தே வந்தது என்பதும், பயனின் அளவுக்கேற்பக் கடப்பாட்டின் அளவும் அமைந்தது என்பதும் மனங்கொள்ளத்தக்கன. 1856ஆம் ஆண்டின் நெற்செய்கை, நீர்ப்பாசனம் பற்றிய கட்டளைச் சட்டத்தின் மூலம் பிரித்தானிய ஆட்சி இத்தகைய மரபுகளுக்குச் சட்டவலு வழங்கியது. வரி வருமானத்தை நாடிய குடியேற்ற ஆட்சியே இம்மரபுகளின்றி நீரை ஆளமுடியாது என்பதை ஒப்புக்கொண்டது எனலாம்.

எனினும் இம்மரபினை இலட்சியப்படுத்துவது வரலாற்று நோக்குக்குப் பொருந்தாது. பெருநிலக்காரரான போடியார்களின் செல்வாக்கிலிருந்து வட்டைவிதானைப் பதவி விடுபட்டிருக்கவில்லை. காணிச் சொந்தக்காரரின் குரலே கூட்டங்களில் ஒலித்தது. வயலில் இறங்கி உழைத்த குத்தகைக்காரருக்கும் முல்லைக்காரருக்கும் அங்கு இடமிருக்கவில்லை. நாடெங்கும் நிலவிய இந்நிலையை மாற்ற முனைந்ததே பிலிப் குணவர்த்தனா அமைச்சராயிருந்தபோது கொண்டுவந்த 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம். விதானைமாரின் பழைய அதிகாரத்துக்குப் பதிலாக, உழுதொழிலாளர் பங்குகொள்ளும் பயிர்ச்செய்கைக் குழுக்களை அது நிறுவியது. நிலவுடைமையாளரின் எதிர்ப்பினால் அச்சட்டம் பெரிதும் வலுவிழந்ததாயினும், பொதுவளத்தைப் பேணுவோரைத் தெரிவுசெய்யும் உரிமை எவருக்கு உரியது என்னும் வினாவை அது அழியாதவாறு முன்வைத்தது.

தலைமடை, கடைமடை என்பவை இயற்கை வகுத்த இடங்களும் அல்ல. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. பட்டிப்பளை ஆறு இங்கினியாகலையில் மறிக்கப்பட்டுச் சேனநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. அதுவரை அவ்வாற்றின் கீழ்ப்பகுதி நீரைத் தமது அணைகளால் திருப்பிப் பயன்படுத்திய கரையோரத் தமிழ்பேசும் மக்கள், குடியேற்றத் திட்டத்தின் பின்னர் ஒரு பெருந்திட்டத்தின் கடைமடையினராயினர். 1956இல் அப்பள்ளத்தாக்கில் இனவன்செயல் வெடித்தது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. மதகின் திறவுகோல் எவரிடம் உள்ளது என்பது அரசியல் தீர்மானிக்கும் விடயமாகும்.

இதற்கு மறுதலையான அனுபவமும் அங்கேயே கிடைக்கின்றது. 1980களின் முற்பகுதியில் கல்லோயா இடதுகரைப் புனரமைப்பின்போது, கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோணெல் பல்கலைக்கழகமும் இணைந்து உழவர் அமைப்புகளைக் கட்டியெழுப்பின. நீர் பற்றாக்குறையான பருவத்திலும், தலைமடையிலிருந்த சிங்கள உழவர் நீரைச் சிக்கனப்படுத்திக் கடைமடையிலிருந்த தமிழ்பேசும் உழவர்க்கு விட்டுக்கொடுத்தமையை நோர்மன் அப்ஹொஃப் 1992இல் வெளியிட்ட தமது நூலில் விரிவாகப் பதிவுசெய்துள்ளார். அமெரிக்க அரசின் உதவி நிதியில் நடைபெற்ற திட்டம் என்ற காரணத்துக்காக இவ்வுண்மையை நாம் புறக்கணிக்கவேண்டியதில்லை. ஒழுங்கமைக்கப்பட்ட உறவு இருக்குமிடத்துத் தலைமடை கடைமடையை எண்ணிப் பார்க்கும் என்பதே அதன் சாரம்.

இவ்வரலாறு மூன்று வினாக்களை எம்மிடம் தருகின்றது. பராமரிப்பாளரைத் தெரிபவர் எவர்? அவரது நெல்லை அளப்பவர் எவர்? தலைமடைக்கும் கடைமடைக்கும் இடையே உறவு எவ்வாறு ஒழுங்கமைக்கப்பட்டுள்ளது?

3

இவ்வினாக்களுடன் லினக்ஸ் வழங்கல்களின் பக்கம் திரும்புவோம். 1983இல் ரிச்சட் ஸ்டோல்மன் அறிவித்த குனு திட்டமும், 1989இல் வெளியான குனு பொது உரிமமும், நிரலைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் எவர்க்கும் உரிமையுண்டு என்னும் கொள்கையை நிலைநாட்டின. அறிவுற்பத்தியில் தனியுடைமைக்கு எதிரான ஒரு குரலாக இதனைக் கருதலாம். இக்கொள்கை நடைமுறையில் நின்று நிலைப்பதற்கு ஓர் அமைப்பு வேண்டியிருந்தது. 1993 ஆகஸ்ட் 16ஆந் தேதி, அமெரிக்காவின் பேர்டூ பல்கலைக்கழக மாணவராயிருந்த இயன் மேர்டொக் டெபியன் என்னும் வழங்கலை அறிவித்தார். அக்காலத்து வழங்கல்கள் ஒருவராலோ ஒரு சிறு நிறுவனத்தாலோ ஆக்கப்பட்டுப் பின்னர் கவனிப்பாரற்றுப் போயின. டெபியனோ பொதிகளைப் பகிர்ந்தளித்து, ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பராமரிப்பாளரைப் பொறுப்பாக்கியது. புதுமை இங்கேயே இருந்தது: நிரலைப் பகுத்ததுடன் பொறுப்பையும் பகுத்தமை.

1996இல் வெளியான டெபியனின் 1.1ஆம் பதிப்பில் 474 பொதிகள் இருந்தன. 2025 ஆகஸ்டில் வெளியான 13ஆம் பதிப்பில் அவை 69,000க்கும் மேற்பட்டன. இப்பெருந்தொகையை அதிகாரபூர்வ உறுப்பினராகிய ஏறத்தாழ ஆயிரம் பேரும் அவர்களுக்குத் துணைநிற்கும் பங்களிப்பாளருமே பேணிவருகின்றனர். பராமரிப்பாளரின் பணி பதிப்பாசிரியரின் பணியை ஒத்தது என்றால் எமது வாசகர் எளிதில் விளங்கிக்கொள்வர். மூல ஆசிரியனின் பிரதியை அவர் பெறுகிறார், பிழைகளைக் களைகிறார், பிற நூல்களோடு முரண்படும் இடங்களை இணக்குகிறார், தம் திருத்தங்களை வேறாகக் குறித்துவைக்கிறார், வாசகரின் முறைப்பாடுகளைக் கேட்டு மூல ஆசிரியனிடம் சேர்க்கிறார். ஒரு நிரல் நூலகத்தின் பதிப்பு மாறினால் அதனைச் சார்ந்த நூற்றுக்கணக்கான பொதிகள் மீளத் தொகுக்கப்படவேண்டும். அவற்றுள் ஒன்றின் பராமரிப்பாளர் அயர்ந்துவிட்டாலும் வெளியீடு தாமதமாகலாம். வாய்க்காலின் ஒரு பங்கு வெட்டப்படாது கிடப்பதைப் போன்றதே இது.

இச்சிக்கலைச் சமாளிக்க டெபியன் உருவாக்கிய நிறுவனங்கள் ஆழ்ந்து கற்கத்தக்கவை. 1997இல் சமூக ஒப்பந்தம் ஒன்றும் 1998இல் அமைப்புவிதி ஒன்றும் ஏற்கப்பட்டன. ஆண்டுதோறும் தலைவர் தேர்தல் நடைபெறுகின்றது. உறுப்பினர் வாக்களித்துத் தலைவரின் முடிவை மாற்றவும் முடியும். பேண இயலாத ஒருவர் தமது பொதியை 'அநாதை' என அறிவிக்கலாம். விரும்பும் வேறொருவர் அதனை ஏற்றுக்கொள்ளலாம். பதில் தராத பராமரிப்பாளரை விசாரித்தறிவதற்கென ஒரு குழு உண்டு. அவசர வேளையில் பிறருடைய பொதியில் திருத்தம் செய்வதற்கும், அதே வேளை அவரது பொறுப்பை மதிப்பதற்கும் வகுத்த நெறிகள் உண்டு. வட்டைவிதானையின் கடமைகளை நினைவுகூர்வோர்க்கு இவை புதியனவாகத் தோன்றா. பொதுவளம் எங்கிருப்பினும் அதனைப் பேணும் உழைப்பு இத்தகைய விதிகளைப் பிறப்பித்தே தீரும்.

டெபியனின் சனநாயகத்துக்கும் எல்லைகள் உண்டு. அங்கு வாக்குரிமை பராமரிப்பாளர்க்கே, பயன்படுத்துவோர்க்கு இல்லை. திறமையால் எவரும் உள்ளே வரலாம் என்னும் கருத்துநிலை, ஊதியமின்றி உழைப்பதற்கான ஓய்வு நேரம் எவரிடம் உள்ளது என்னும் வினாவை மறைத்துவிடுகின்றது. மாலையில் வீடு திரும்பிப் பின்னர் நள்ளிரவுவரை நிரல் எழுதக்கூடியவர், அவ்வீட்டில் சமைப்பதற்கு வேறொருவர் இருக்கும் ஆணாகவே பெரும்பாலும் இருப்பார். பெரும்பாலும் வளர்ச்சியடைந்த நாடொன்றில் வாழ்பவராகவும் இருப்பார். பெண்களின் பங்கேற்பு மிகக் குறைவாயிருந்ததாலேயே 2004இல் டெபியன் மகளிர் திட்டம் தொடங்கவேண்டியதாயிற்று. தன்னார்வம் என்பதும் வர்க்கத்தின், பால்நிலையின் முத்திரை தாங்கியதே.

4

சார்பு என்பது அமைதியான காலத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. வாய்க்கால் உடையும்போதே அது எவ்வழி ஓடியது என்பதை ஊர் அறிகின்றது. கடந்த இரு தசாப்தங்களின் உடைப்புகளுள் சிலவற்றை வரிசைப்படுத்தி நோக்குவோம்.

முதலாவது, டெபியனுக்குள்ளேயே நேர்ந்தது. 2006இல், இணையப் பரிமாற்றங்களை மறையாக்கம் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் பொதியில், சோதனைக் கருவியொன்று பிழையெனச் சுட்டிய வரிகளை டெபியனில் நீக்கினர். நீக்குவது பற்றி மூல ஆக்குநரின் மடலாடற் குழுவில் வினவப்பட்டபோதிலும் தெளிவான எச்சரிக்கை கிடைக்கவில்லை. அதன் விளைவாக, எண்ணிலடங்காதனவாக இருந்திருக்கவேண்டிய மறைசாவிகள் ஒவ்வொரு வகைக்கும் 32,768 என்னும் சிறு தொகைக்குள் சுருங்கிவிட்டன. 2008 மே மாதத்திலேயே இது வெளிப்பட்டது. தவறு ஒருவருடையது எனச் சுட்டுவது எளிது. தலைமடைக்கும் கடைமடைக்கும் இடையிலான உறவு தளர்ந்திருந்தமையே இதன் காரணம் என்பது எமது கருத்து.

இரண்டாவது, 2014 ஏப்ரலில் அதே மென்பொருளின் மூலத்தில் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' குறைபாடு. வங்கிகளும் வணிக நிறுவனங்களும் அரசுகளும் சார்ந்திருந்த அம்மென்பொருளின் நிறுவகத்துக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,000 டொலரே நன்கொடையாகக் கிடைத்துவந்தது என்பதை உலகம் அப்போதுதான் அறிந்தது. மூன்றாவது, 2016 மார்ச்சில், லினக்ஸ் வழங்கல்களுக்குப் புறத்தே, ஜாவாஸ்கிரிப்ட் நிரலாளர் பயன்படுத்தும் பொதுக் களஞ்சியத்தில் நேர்ந்தது. பெயருரிமை பற்றி ஒரு நிறுவனத்தோடு எழுந்த பிணக்கில் களஞ்சியத்தார் நிறுவனத்தின் பக்கம் சாய்ந்தமையால், ஆக்குநர் ஒருவர் தமது பொதிகள் யாவற்றையும் மீளப்பெற்றார். அவற்றுள் ஒன்று பதினொரு வரிகளே கொண்டது. அப்பதினொரு வரிகள் இல்லாமையால் உலகெங்கும் ஆயிரக்கணக்கான மென்பொருள் வேலைகள் தடைப்பட்டன. ஊதியமற்ற உழைப்பாளனுக்கு எஞ்சியிருக்கும் ஒரே வேலைநிறுத்த வடிவம் இதுவென்பதை அந்நிகழ்ச்சி புலப்படுத்திற்று.

இவை அனைத்தினும் பாடம் மிக்கது 2024 மார்ச் 29ஆந் தேதி வெளிப்பட்ட எக்ஸ்செட் விவகாரமாகும். எக்ஸ்செட் என்பது கோப்புகளைச் சுருக்கும் எளிய கருவித்தொகுதி. பல்லாண்டுகளாக ஒரு தன்னார்வலரே அதனைப் பேணிவந்தார். 2022இல் தமது உளநலக் குறைவு பற்றியும், இது ஊதியமற்ற ஓய்வுநேரப் பணி என்பது பற்றியும் அவர் வெளிப்படையாகவே கூறியிருந்தார். இதனிடையே, வேகம் போதாதென அவரைக் குறைகூறும் குரல்கள் பல எழுந்தன. புதிய பராமரிப்பாளர் வேண்டுமென அவை வற்புறுத்தின. அவற்றுட் பல புனைபெயர்க் குரல்கள் என்று பின்னர் ஐயுறப்பட்டது. அவ்வேளையில் ஜியா டான் என்னும் பெயரில் உதவிக்கரம் நீட்டிய ஒருவர் ஈராண்டுகளுக்கும் மேலாகப் பொறுமையுடன் உழைத்து நம்பிக்கையைப் பெற்றார். வெளியீட்டுப் பொறுப்பையும் பெற்றார். பின்னர் தொலைக் கணினிகளுள் கள்ளவழியாகப் புகுவதற்கான நிரலை 5.6.0, 5.6.1 என்னும் பதிப்புகளில் மறைத்துவைத்தார்.

கோப்புச் சுருக்கும் கருவி தொலைக் கணினியின் கதவைத் திறப்பது எவ்வாறு? சார்பின் வழியாகவே. தொலைப்புகுகைக்கான ஓபன்எஸ்எஸ்எச் தன்னளவில் எக்ஸ்செட்டைச் சார்ந்ததன்று. டெபியன் உட்படச் சில வழங்கல்கள் தம் வசதிக்காக அதனைச் சிஸ்டம்டி என்னும் நூலகத்தோடு இணைத்தன; அந்நூலகம் எக்ஸ்செட்டைச் சார்ந்திருந்தது. இவ்வாறு எவரும் திட்டமிடாத ஒரு கிளைவாய்க்கால் வழியே நஞ்சு பாய இருந்தது. டெபியனின் நிலையான பதிப்பை அது எட்டுமுன், தொலைப்புகுகை அரைச் செக்கன் அளவு தாமதமாவதைக் கண்டு ஐயுற்ற அந்திரஸ் ஃபுறொயிண்ட் என்னும் பொறியியலாளர் அதனை அம்பலப்படுத்தினார்.

இங்கு உடைக்கப்பட்டது மறையாக்கமன்று. ஒரு மனிதனின் களைப்பே திறவுகோலாயிற்று. வட்டை முழுவதும் ஒருவரை நம்பியிருந்தது, அவருக்கு எவரும் நெல் அளக்கவில்லை, அவர் சோர்ந்தபோது விசாரிக்க எவரும் வரவில்லை, வந்தவன் கள்வனாயிருந்தான்.

5

இந்நெல் எங்கு சென்றது என்பதை இனி நோக்குதல் வேண்டும். கூட்டுழைப்பினால் பிறக்கும் ஆற்றலை மூலதனம் விலையின்றிப் பெற்றுக்கொள்கிறது என்பதை மார்க்ஸ் 'மூலதனம்' முதற்பாகத்தில் கூட்டுறவு பற்றிய அத்தியாயத்தில் விளக்கியுள்ளார். அவர் கண்ட தொழிற்சாலையில் தொழிலாளிக்குக் கூலியேனும் இருந்தது. கட்டற்ற மென்பொருளிலோ கூலியுமின்றிக் கூட்டுழைப்பின் விளைவு முழுவதும் மூலதனத்துக்குக் கிடைக்கின்றது. 1998இல் 'கட்டற்ற மென்பொருள்' என்பதற்குப் பதிலாகத் 'திறமூலம்' என்னும் சொல் முன்வைக்கப்பட்டமை தற்செயலானதன்று. விடுதலை என்னும் பொருள் தரும் சொல்லை நீக்கி, வணிகர் அஞ்சாத சொல்லொன்றை அவ்விடத்தில் வைத்தனர். 2019இல் ஐ.பி.எம். நிறுவனம் லினக்ஸ் வழங்கல் நிறுவனமான ரெட்ஹட்டை ஏறத்தாழ 3,400 கோடி டொலருக்கு வாங்கியது. 2023 ஜூனில் ரெட்ஹட் தனது வணிக வழங்கலின் மூலநிரலைப் பொதுவில் வைப்பதைக் கட்டுப்படுத்தியது. பொதுநிலத்துக்கு வேலியிடும் பழைய வரலாறே இங்கு புதிய வடிவில் நிகழ்கின்றது.

அவ்வாறாயின் பராமரிப்பாளர்க்கு ஊதியம் வழங்கிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? டெபியனின் வரலாறே இதற்கு விடை தருகின்றது. 2006இல், அடுத்த வெளியீட்டை விரைவுபடுத்தும் பொருட்டு, வெளியீட்டு முகாமையாளர் இருவர்க்கு ஊதியம் வழங்கும் 'டங்க்-ராங்க்' என்னும் முயற்சி தொடங்கப்பட்டது. ஆயிரம் பேர் ஊதியமின்றி உழைக்குமிடத்து இருவர்க்கு மட்டும் ஊதியம் என்பது கடும் பிளவை ஏற்படுத்தியது. தலைவரைப் பதவிநீக்கும் தீர்மானம் கொண்டுவரப்பட்டுத் தோற்றது. சிலர் மனங்கசந்து கைகளைத் தளரவிட்டனர். டிசம்பரில் வரவிருந்த வெளியீடு 2007 ஏப்ரலிலேயே வந்தது. பணத்தின் அளவு அங்கு பிணக்காகவில்லை. அதனைப் பங்கிடும் உரிமை எவருக்கு என்பதே பிணக்காயிற்று.

2014இல் தொடங்கிய நீண்டகாலப் பராமரிப்புத் திட்டம் இதிலிருந்து வேறுபடுகின்றது. பழைய டெபியன் பதிப்புகளைத் தொடர்ந்து பயன்படுத்த விரும்பும் நிறுவனங்கள் நிதி செலுத்துகின்றன; பிரெஞ்சு நிறுவனமான ஃபிரெக்ஸியன் அதனைத் திரட்டி, உழைத்த மணித்தியாலங்களுக்கேற்பப் பங்களிப்பாளர்க்கு அளிக்கின்றது. 2022இல் ஜேர்மன் அரசு அடிப்படை மென்பொருள்களைப் பேணுவதற்கெனப் பொதுநிதியம் ஒன்றைத் தொடக்கியது. அறுவடையில் நெல் அளக்கும் பழைய முறைக்கு இவை ஓரளவு நெருங்கி வருகின்றன. எனினும் முன்னையது விரும்பியோர் செலுத்துவது. பின்னையது அரசொன்றின் விருப்பில் தங்கியிருப்பது. எமது வட்டையில் நெல் அளப்பது கருணையாகக் கருதப்படவில்லை, அது கடப்பாடாயிருந்தது. இவ்வேறுபாடு அடிப்படையானது.

6

இவ்வரலாற்றில் எமது நாட்டுக்கும் ஓரிடம் உண்டு. 2004 டிசம்பர் 26ஆந் தேதி ஆழிப்பேரலை தாக்கியபோது இலங்கையில் மிகுந்த உயிரிழப்புக்கு உள்ளானது அம்பாறை மாவட்டமே. இங்கு பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என ஊர் ஊராகக் கரையோரம் அழிந்தது. உறவினரைத் தேடுவோரின் விவரங்களையும் முகாம்களின் தேவைகளையும் திரட்ட ஒரு முறைமை வேண்டியிருந்த அந்நாட்களில், லங்கா மென்பொருள் நிறுவகத்தைச் சூழத் திரண்ட இலங்கைத் தன்னார்வலர் சில கிழமைகளுக்குள் 'சஹன' என்னும் கட்டற்ற மென்பொருளை ஆக்கினர். சிங்களத்தில் அச்சொல்லுக்கு நிவாரணம் என்பது பொருள். பிற கட்டற்ற பொதிகளைச் சார்ந்து எழுந்தமையாலேயே அவ்வளவு விரைவில் அது இயன்றது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின் பின்னரும், 2010இல் ஹெயிற்றி நிலநடுக்கத்தின் பின்னரும் சஹன பயன்பட்டது. சமூகப் பயன்மிக்க திட்டத்துக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் விருதை 2006இல் அது பெற்றது. கடைமடையினர் எனக் கருதப்பட்ட ஒரு நாட்டினர், தம் துயரின் நடுவிலிருந்து, உலகுக்குத் தலைமடையினராயினர்.

பேரிடர் வேளையில் பெருகும் தன்னார்வம் பேரிடர் நீங்கியதும் வற்றுவது இயல்பு. அலை வந்த அன்று எமது ஊர்களில் உடல்களைத் தூக்கியோரும் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் சோறாக்கியோரும் ஊதியம் கேட்டவர்களல்லர். ஆனால் அடுத்த பத்தாண்டுக்கு வடிகால்களைத் துப்புரவு செய்வதற்கு அவ்வுணர்ச்சி போதாது. அதற்கு ஊராட்சி வேண்டும், பட்டியல் வேண்டும், முறை வேண்டும். தியாகத்தை நிறுவனமாக்காத சமூகம் தியாகிகளைக் களைப்படையச் செய்தே கொன்றுவிடுகின்றது. 2009இல் சஹனவுக்கெனத் தனி அறக்கட்டளை அமைக்கவேண்டியிருந்தமையை இப்பின்னணியில் விளங்கிக்கொள்ளலாம்.

தமிழுக்கு இது நேரடியாகப் பொருந்தும். லினக்ஸ் இடைமுகங்களின் தமிழாக்கம், தமிழ் உள்ளீட்டு முறைகள், எழுத்துருக்கள் என்பன பெரும்பாலும் ஒரு சிலரின் ஓய்வுநேர உழைப்பில் தங்கியுள்ளன. லோகித் தமிழ் போன்ற எழுத்துரு ஒன்று ரெட்ஹட் நிறுவனத்தின் ஆதரவால் கிடைத்தது. நிறுவனத்தின் ஆர்வம் நிறுவனத்தின் கணக்கைப் பொறுத்தது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் காத்துவருவதும் தன்னார்வலரின் உழைப்பாலும் நன்கொடையாலுமே. எமது பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் இவற்றை நாள்தோறும் பயன்படுத்துகின்றன. பயன்பெறும் நாம் இதுவரை எத்தனை மரைக்கால் நெல் அளந்துள்ளோம் என்னும் வினாவை எம்மை நோக்கியே எழுப்பவேண்டியவர்களாகிறோம்.

7

மேலே கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பொதிகளின் சார்பு எனப்படுவது பொதிகளுக்கிடையிலான உறவாகத் தோன்றும் மனித உறவே என்பது புலனாகும். பண்டங்களுக்கிடையிலான உறவாகத் தோன்றுவதன் பின்னே மனிதருக்கிடையிலான உறவைக் கண்டறியுமாறு மார்க்ஸியம் எமக்குக் கற்பித்த பாடம் இங்கும் பொருந்துகின்றது. சார்பைக் கணிக்கும் நிரல்கள் எவ்வளவு நுண்மையாயினும், சார்ந்திருக்கப்படும் மனிதன் உண்கிறானா, உறங்குகிறானா என்பதை அவை கணிப்பதில்லை. டெபியன் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருப்பதற்குக் காரணம், அது பொதிகளோடு பொறுப்பையும் ஒழுங்கமைத்தமை. அதன் குறை, பயன்பெறுவோரை நெல் அளக்கும் கடப்பாட்டுக்குள் கொண்டுவர அதனால் இயலாதிருத்தல். அக்கடப்பாட்டை ஒரு வழங்கலால் மட்டும் விதிக்க முடியாது. அது சமூக மாற்றத்தின் பணி.

ஆயினும் அம்மாற்றம் வரும்வரை கைகட்டியிருத்தல் முற்போக்காளர்க்கு அழகன்று. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கம் ஒவ்வொன்றும் அநாதையாகக் கிடக்கும் ஒரு தமிழ்ப் பொதியை ஏற்றுப் பேணலாம். அப்பணியை மாணவரின் கல்விசார் உழைப்பாகப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளலாம். ஒருவர் பட்டம் பெற்றுச் செல்லும்போது அடுத்தவர் பொறுப்பேற்கும் முறையை வகுக்கலாம். நூல் வெளியீட்டுக்கு ஒதுக்கும் நிதியில் ஒரு பங்கை எழுத்துருவுக்கும் ஒதுக்கலாம். சிங்கள மொழிப் பொதிகளைப் பேணுவோரோடு இணைந்து செயலாற்றலாம். எழுத்தை அடுக்கும் நூலகம் இரு மொழிக்கும் ஒன்றேயாதலின் அவ்விணைவு வெறும் நல்லெண்ணமாக நின்றுவிடாது.

பெரும்போகத்துக்கு முன்னர் வாய்க்கால் வெட்டும் நாளில், தம் பங்கை வெட்டி முடித்தவர் கரையேறி, அடுத்தவர் பங்கு வெட்டப்பட்டுள்ளதா என்று பார்ப்பார். அவர் காணிக்கு நீர் வருவதும் அவ்வழியேதான்.